பிராண்ட் என்னும் குடும்பப்பெயரின் மூலம்

கொல்லிமலையில் இரு மிஷனெரிமாரின் கல்லறைகள் அருகருகே உள்ளன. ஒன்று, 1929ஆம் ஆண்டில் கருநீர்க் காய்ச்சலால் இறந்த ஜெஸ்ஸி பிராண்டினுடையது. மற்றது, அவருக்குப்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்து 1974ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த அவர் மனைவி எவலின் அம்மையாருடையது. தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயக்கமளித்த வேலூர் மருத்துவர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன். சீகன்பால்கு, பப்ரிஷியஸ், சுவார்ட்ஸ், இரேனியஸ் என்று செர்மானியர் பெயர்களையே வரிசையாகப் படித்துப் பழகிய நம் இறையியல் மாணவருக்குப் பிராண்ட் என்பதும் அவ்வாறே செர்மானியப் பெயராக ஒலிப்பதில் வியப்பில்லை. செர்மன் அகராதியைப் புரட்டினால் அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படும். அச்சொல் அங்கே உண்டு. ஆயினும் ஒரு சொல் ஒரு மொழியில் வழங்குகிறது என்பது ஒன்று. அச்சொல்லைப் பெயராகத் தாங்கிய குடும்பம் அந்நாட்டிலிருந்து வந்தது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் உள்ளூர்ச் சபை வரலாறுகளில் நேரும் பிழை சிறிதன்று. அப்பிழை எங்கே தோன்றுகிறது, மூலத்தைத் தேடும் நேரிய வழி யாது என்பவற்றைக் கொல்லிமலைப் பெயரையே சான்றாகக் கொண்டு இங்கே காண்போம்.

முதலில், அறிந்தவற்றைக் கூறுவோம். ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் சரே மாவட்டத்திலுள்ள கில்ஃபோர்டு நகரைச் சேர்ந்தவர். கட்டடத் தொழில் செய்துவந்த குடும்பத்தினர். ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்தவராக 1907இல் இந்தியாவுக்கு வந்து, நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்தில் பணியாற்றினார். இலண்டன் வணிகர் குடும்பத்தில் பிறந்த எவலின் ஹாரிஸ் என்பாரை 1913இல் மணந்து, உடனே மலையேறிக் குடியமர்ந்தார். மருத்துவம், பள்ளி, தச்சு, பட்டுப்புழு வளர்ப்பு என்று அவர் கைவைக்காத பணி இல்லை. ஜெஸ்ஸி என்பது தமிழகத்தில் பெண்பாற் பெயராக வழங்கிவருவதால் சிலர் மயங்குவதுண்டு. இவருடைய பெயர் தாவீதின் தகப்பனாகிய ஈசாயின் பெயரேயாம். ஆங்கிலத் திருமறையில் அப்பெயர் அவ்வாறு ஒலிக்கிறது. முதற்பெயரிலேயே இத்தகைய மயக்கம் நேருமெனின், பல நூற்றாண்டுகளைக் கடந்துவரும் குடும்பப்பெயரில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

இனிச் சொல்லை நோக்குவோம். செர்மன் மொழியில் பிராண்ட் என்றால் தீ, எரிதல் என்று பொருள். ஆங்கிலத்திலும் இதே சொல் உண்டு. அது எரிகொள்ளியைக் குறிக்கும். கால்நடையின் தோலிலும் மரப்பீப்பாயிலும் காய்ச்சிய இரும்பால் சூடிட்டு உடைமையைக் குறித்த வழக்கத்திலிருந்தே, இன்று கடைத்தெருவில் நாம் வழங்கும் பிராண்டு என்ற வணிகக்குறிப் பொருளும் தோன்றிற்று. பழைய நார்வே மொழியில் பிராண்ட்ர் என்பது தீயையும், தீப்போல் ஒளிரும் வாளின் அலகையும் உணர்த்தியது. ஆக, இஃது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையான சொல்லன்று. செர்மானிய மொழிக்குடும்பம் முழுவதற்கும் பொதுவான வேர் இது, ஆங்கிலமும் அக்குடும்பத்தினதே.

அவ்வேரிலிருந்து குடும்பப்பெயர் தோன்றிய வழிகள் குறைந்தது மூன்று. முதலாவது, பிராண்ட் என்பது தனி ஒருவரின் இயற்பெயராக இருந்து, பின் அவர் வழியினரின் குடும்பப்பெயராதல். வடமொழியாளர் குடியேறிய கீழ் இங்கிலாந்தில்—வடமொழி என்று நான் ஈண்டுக் கூறுவது ஸ்காண்டிநேவிய மொழிகளை—இவ்வியற்பெயர் நார்மானியர் வருகைக்கு முன்பே வழங்கிற்று. பீட்டர்பரோ மடத்தின் தலைவராக 1066 முதல் 1069 வரை இருந்தவரின் பெயர் பிராண்ட் என்பதைத் திருச்சபை வரலாறு படித்தவர் அறிவர். எனவே கடல்கடந்து ஒரு செர்மானியர் வந்து குடியேறாமலே இங்கிலாந்தில் பிராண்ட் என்னும் குடும்பங்கள் தோன்றியிருக்க முழு வாய்ப்பு உண்டு. அத்தகைய குடும்பங்கள் ஒன்றல்ல, பல. அவற்றிடையே இரத்த உறவு இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

இரண்டாவது, ஹில்டபிராண்ட் போன்ற நெடும்பெயர்களின் குறுக்கமாகப் பிராண்ட் அமைதல். இங்கே ஒன்றை நினைவுகூர்தல் நலம். போப்பாண்டவர் ஏழாம் கிரெகோரியாரின் இயற்பெயர் ஹில்டபிராண்ட். அவர் பிறந்ததோ இத்தாலியிலுள்ள தொஸ்கானா. 1077ஆம் ஆண்டில் கனோசாக் கோட்டை வாயிலில் காத்து நின்ற நான்காம் ஹென்றியே செர்மானிய வேந்தர். செர்மானியப் பெயர் தாங்கியவரோ உள்ளே இருந்த இத்தாலியர்! இலாம்பார்டியர் வழியாக இத்தாலியில் பரவிய பெயர்களுள் அதுவும் ஒன்று. பெயரைக் கொண்டு நாட்டைத் துணிவோர் இந்த ஒரு சான்றைச் சிந்தித்தாலே போதும்.

மூன்றாவது வழி, கொல்லிமலையை அறிந்தவருக்கு மிகவும் சுவை பயப்பது. செர்மன் மொழி வழங்கும் நாடுகளில் காட்டை வெட்டித் தீயிட்டுத் திருத்திய நிலத்துக்குப் பிராண்ட் என்று பெயர். அந்நிலத்தருகே வாழ்ந்தவரும் அப்பெயரைப் பெற்றனர். ஆஸ்திரியாவின் மேற்கெல்லையில் வோரார்ல்பெர்க் மாநிலத்தில் பிராண்ட் என்றே ஒரு மலையூர் உண்டு. வாலிஸ் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்ட வால்சர் எனும் மலைமக்கள் குடியேறிய ஊர் அது. சுவிட்சர்லாந்தின் செர்மன் பேசும் பகுதிகளில் காடு திருத்திய முறைக்கேற்ப இடப்பெயர் வேறுபடும். வேரோடு அகழ்ந்து திருத்திய இடம் ரூட்டி. மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடியே பட்டுப்போகவிட்டுத் திருத்திய இடம் ஷ்வெண்டி. எரித்துத் திருத்திய இடம் பிராண்ட். ரூட்டிமான், ஷ்வெண்டிமான், பிராண்ட்லி முதலிய சுவிஸ் குடும்பப்பெயர்கள் இவ்வகையின. உழவனின் கோடரியும் தீயும் இப்பெயர்களில் இன்றும் உறைந்து கிடக்கின்றன எனலாம்.

நம் குறிஞ்சி நிலத்து வழக்கும் இதனின் வேறன்று. மலைச்சரிவின் காட்டை வெட்டிக் கோடையில் எரித்து, முதல் மழையில் தினையும் சாமையும் விதைக்கும் நிலத்தைப் புனம் என்றனர் நம் முன்னோர். புதிதாகத் திருத்தியது இதை. பலகாலம் உழுது பழகியது முதை. பால் பிராண்ட் குழந்தையாக ஓடித் திரிந்த சரிவுகளில் சாமை விளைந்தது. இவற்றையெல்லாம் எண்ணுங்கால், எரிபுனம் என்ற பொருளுடைய குடும்பம் எரிபுனத்து மக்களிடையே வந்து வாழ்ந்தது என்று ஒரு பிரசங்கியார் உவமை கூற விழைவார். உவமையாகக் கூறலாம், வரலாறாகக் கூறலாகாது. ஏனெனில், எரித்துத் திருத்திய நிலம் என்னும் பொருள் செர்மன், சுவிஸ் குடும்பங்களுக்கே சிறப்பாக உரியது. ஆங்கிலப் பெயருக்கு இயற்பெயர் வழியே பெரிதும் பொருந்துவது. பொருளைப் பெயருக்கு இடுமுன், அக்குடும்பம் எந்நாட்டது என்று அறிந்திருத்தல் வேண்டும். மாணவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்: பொருளை முதலில் தெரிந்தெடுத்து, அதிலிருந்து நாட்டைப் பெறுகின்றனர்.

எழுத்துவேறுபாடும் இங்கே சான்றாகாது. பிராண்ட் என்னும் பெயர் ஈற்றில் டி மட்டும் கொண்டும், டிட்டி என இரு மெய் கொண்டும், டி இன்றித் தகரமொத்த மெய் கொண்டும் எழுதப்படுகிறது. செர்மன் மொழியில் சொல்லீற்று மெல்லொலி வல்லொலியாகவே ஒலிக்குமாதலால் மூன்றும் செவிக்கு ஒன்றே. பாசல் நகரில் 1494இல் 'மூடர் கப்பல்' என்ற நூலை வெளியிட்ட செபாஸ்டியன் பிரான்ட் ஒருவகையாக எழுதினார். 1669இல் ஹாம்பர்கில் பாஸ்பரசைக் கண்டறிந்த ஹென்னிக் பிராண்ட் வேறுவகையாக அறியப்படுகிறார். ஒரே குடும்பத்தின் தந்தை ஒருவிதமாகவும் மகன் மற்றொருவிதமாகவும் பதிவேட்டில் காணப்படுதல் பெருவழக்கு. எழுதியவர் குருவானவர், தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். நம் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஒரே மனிதர் தேவசகாயம், தேவசாயம் என்று இருவிதமாக வருவதை அறியாதவர் யார்?

ஒலியொற்றுமையில் மயங்குவதோ இதனினும் கேடானது. கொல்லிமலை மக்கள் மலையாளி எனப்படுகின்றனர். பெயரை மட்டும் கேட்பவர் அவர்களைக் கேரள நாட்டினர் என்று துணிவர். அவர்களோ தமிழ் பேசும் மக்கள். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் என்பது அவர்களுடைய குலமரபு. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவே. மற்றொன்று: தஞ்சையில் பணியாற்றிய கோல்ஹோஃப் குடும்பத்தின் பெயருக்கு வட செர்மானிய வழக்கில் முட்டைக்கோசு முதலிய காய்கீரை பயிரிடும் தோட்டம் என்று பொருள். நம் நாட்டில் வீட்டின் பின்புறத் தோட்டத்துக்குப் பெயர் கொல்லை. கோல், கொல்லை, கொல்லி என்று அடுக்கிக்கொண்டு போக ஆசை எழும். அதனை அடக்கிக்கொள்வதே புலமை.

பெயரின் வடிவமும் இருப்பிடமும் எத்துணை ஏமாற்றும் என்பதற்கு நம் மிஷனெரிமாரே சான்று. இரேனியஸ் என்னும் பெயரில் ரைன் ஆற்றின் இலத்தீன் பெயர் ஒலிக்கிறது. அவர் 1790இல் பிறந்ததோ, ரைனுக்கு நெடுந்தொலைவில், இன்று போலந்து நாட்டிலுள்ள கிராவுடென்சு. பப்ரிஷியஸ் என்பது கொல்லன், கைவினைஞன் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியது. மனிதநேயக் கல்வி தழைத்த காலத்தில் கற்றோர் தம் குடும்பப்பெயரை இலத்தீனாக்கிக்கொண்ட வழக்கத்தை அது காட்டுகிறது. சுவார்ட்ஸ் பிறந்த சோனன்பர்கும் இன்று போலந்தில் உள்ளது. பாசல் மிஷன் என்றவுடன் அதன் ஊழியரெல்லாம் சுவிஸ் நாட்டினர் எனக் கருதுவோர் உளர். 1834இல் மேற்குக் கரைக்கு வந்த ஹெபிக், பின்னர் அம்மிஷனில் சேர்ந்த குண்டர்ட் ஆகிய இருவரும் வூர்ட்டெம்பர்க் நாட்டினர். கன்னட அகராதி தந்த கிட்டல் வடசெர்மானியர். பயிற்சி பெற்ற நகரம் வேறு, பிறந்த மண் வேறு.

அங்ஙனமாயின் வழி யாது? கீழிருந்து மேலே செல்வதே வழி. அறிந்த ஒருவரிலிருந்து தொடங்கி, அவருடைய பெற்றோர், அவர்தம் பெற்றோர் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பதிவைக் காட்டி ஏறுதல் வேண்டும். மேலிருந்து, அதாவது புகழ்பெற்ற ஒரு பிராண்டிலிருந்தோ அகராதியிலிருந்தோ தொடங்கி இறங்கினால், நாம் விரும்பிய இடத்தில்தான் வந்து சேர்வோம்.

இங்கிலாந்தில் பங்குப் பதிவேடுகள் 1538ஆம் ஆண்டு தாமஸ் கிராம்வெலின் ஆணையால் தொடங்கின. அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நடைபெறுகிறது. குடிமதிப்புக் கணக்கும் உதவும். 1851ஆம் ஆண்டுக் கணக்கு ஒவ்வொருவரும் பிறந்த மாவட்டத்தையும் பங்கையும் கேட்டு எழுதிற்று, அயல்நாட்டில் பிறந்தவர் எனின் அதனையும் குறித்தது. செர்மானியர் ஒருவர் கில்ஃபோர்டில் வந்து குடியேறியிருந்தால், அவர் அக்கணக்கிலோ குடியுரிமைத் தாள்களிலோ தலைகாட்டியிருத்தல் வேண்டும். பாப்திஸ்து குடும்பங்களைத் தேடுவோர்க்கு ஒரு தனிக்கவனம் தேவை. அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆகவே ஆங்கிலிக்கன் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இல்லையென்றால், குடும்பம் அயல்நாட்டிலிருந்து பிற்காலத்தில் வந்தது என்று முடிவுகட்டுதல் தவறு. அவர்கள் வைத்திருந்த பிறப்புப் பதிவேடுகளைத் தேடவேண்டும். அவற்றுள் பல 1837க்குப் பின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. கோட்பாடு பதிவேட்டின் அமைப்பையே மாற்றுகிறது என்பதை இறையியல் மாணவர் உணர்தல் இன்றியமையாதது. சூரிக் நகரில் 1526இல் ஞானஸ்நானப் பதிவேடு ஏற்பட்டதற்கும் அனபாப்திஸ்துகள் தம் குழந்தைகளை மறைத்துவைத்ததே காரணம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடாத பெற்றோரைக் கண்டறியவே மாமன்றம் அதனைக் கட்டளையிட்டது. குலவரலாறு தேடுவோர் இன்று மகிழ்ந்து புரட்டும் ஏடு, அன்று ஒறுத்தலின் கருவியாயிருந்தது.

சுவிஸ் குடும்பமாயின், பிறந்த ஊரைவிட உரிமையூரைத் தேடவேண்டும். அந்நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஊரின் குடியுரிமையைத் தலைமுறை தலைமுறையாகப் பெறுகிறது. அங்கே ஒருநாளும் வாழாத பேரனும் தன் தாள்களில் அவ்வூரையே எழுதுவான். 1962ஆம் ஆண்டில் இவ்வுரிமை பெற்றிருந்த குடும்பங்கள் அனைத்தும், எந்த ஊரில் எந்நூற்றாண்டு முதல் என்ற குறிப்போடு, சுவிஸ் குடும்பப்பெயர் நூலில் தொகுக்கப்பட்டுள்ளன. செர்மனியில் இத்தகைய ஒரே நூல் இல்லை. அங்கே சபையின் ஏடுகளே பழைய சான்று. அவற்றுள் பல முப்பதாண்டுப் போரில் அழிந்தன. பேரரசு முழுவதற்குமான அரசுப் பதிவு 1876ஆம் ஆண்டு சனவரியில்தான் தொடங்கிற்று.

இந்தியாவில் செர்மன், சுவிஸ் பெயர்கள் நுழைந்தவை மிஷன் வழியாக மட்டுமன்று. ஹானோவர் நாட்டுப் படைப்பிரிவுகள் 1782இல் சென்னைக்கு வந்தன. நியூஷாடெல் நாட்டு டி மியூரோன் படை முதலில் ஒல்லாந்தருக்கும், 1795 முதல் ஆங்கிலேயருக்கும் ஊழியம் செய்து, 1799இல் சீரங்கப்பட்டண முற்றுகையிலும் நின்றது. இப்படைவீரர் சிலரின் பெயர்கள் சென்னை மாகாணத்துத் திருமண, அடக்கப் பதிவுகளில் காணக்கிடைக்கும். அப்பதிவுகளின் படிகள் 1698 முதல் இலண்டனில் பேணப்பட்டுள்ளன. தரங்கம்பாடி மிஷனின் ஏடுகளையும் கடிதங்களையும் தேடுவோர் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனங்களையும், சென்னைக் குருகுலத்தையும், பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியின் ஆவணக்காப்பகத்தையும் நாடலாம்.

இவ்வாறு நோக்குமிடத்து, கொல்லிமலைப் பிராண்ட் குடும்பத்தைச் செர்மானியர் எனக் கூறுதற்குப் பெயரின் ஒலி தவிர வேறு சான்று முன்வைக்கப்படவில்லை. கிடைத்த சான்றோ கில்ஃபோர்டைக் காட்டுகிறது. கட்டடத் தொழிலும் அங்கிருந்தே வந்தது. பால் பிராண்ட் மருத்துவம் பயிலுமுன் சில ஆண்டுகள் கட்டடத் தொழிலில் பயிற்சி பெற்றவர். குடும்பத்தின் உண்மையான அடையாளம் பெயரின் பொருளைவிட இக்கைத்தொழிலில் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து. எரிபுனம் என்ற பொருளை விட்டுவிட நேர்வது சிலருக்கு வருத்தமாயிருக்கலாம்.

செர்மானியக் குடும்பம் ஒன்று தமிழ்மண்ணில் வேரூன்றிய உண்மையான வரலாறு வேண்டுவோர்க்குக் கோல்ஹோஃப் குடும்பமே உளது. யோகான் பல்தாசர் கோல்ஹோஃப் பொமரேனியாவில் நியூவார்ப் என்னும் ஊரில் 1711இல் பிறந்து, 1737இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருடைய மகன் யோகான் காஸ்பர் 1762இல் இங்கேயே பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் பிள்ளைபோல் வளர்ந்தார். தந்தையின் ஐம்பதாம் ஆண்டு ஊழிய நிறைவும் மகனின் குருப்பட்டமும் 1787ஆம் ஆண்டு சனவரியில் தரங்கம்பாடியில் ஒன்றாக நிகழ்ந்தன. மகன் 1844இல் மறையும்வரை தஞ்சைச் சபையோடு வாழ்ந்தார். பேரன் கிறிஸ்தியான் சாமுவேல் திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த இருங்கலூர்ப் பகுதியில் ஊழியம் செய்தார். மூன்று தலைமுறை, ஒவ்வொரு படிக்கும் பதிவு உண்டு. யோகான் காஸ்பர் ஆங்கில அறிக்கைகளில் ஜான் காஸ்பர் ஆகிறார். அவ்வேட்டை மட்டும் காண்பவர் அவரை ஆங்கிலேயர் எனக் கொள்வர். கொல்லிமலையில் ஆங்கிலேயர் செர்மானியராகவும், தஞ்சையில் செர்மானியர் ஆங்கிலேயராகவும் தோன்றுவது காண்க.

நம் ஆயர்களுக்கு இவ்வாராய்ச்சியால் பயன் என்ன என்று கேட்கலாம். பயன் உண்டு. தமிழருக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். ஆனால் மிஷனெரிமாரின் குடும்பப்பெயரைப் பிள்ளைக்கு இடுபெயராக வைத்தல் நம்மிடையே நெடுநாள் வழக்கு. சுவார்ட்ஸ், இரேனியஸ், கால்டுவெல், போப் என்னும் பெயர்கொண்டோர் நம் சபைகளில் பலர். நன்றியால் இட்ட பெயர்கள் இவை. ஊருக்கும் இவ்வாறு பெயரிட்டனர்: திருநெல்வேலி நாட்டு டோனாவூர், அங்கே ஆலயம் எழும்பப் பொருளுதவி செய்த பிரஷ்ய நாட்டுக் கோமகன் டோனாவின் பெயரால் 1827இல் அமைந்தது. அவர் குலத்தின் பெயரோ டிரெஸ்டன் அருகேயுள்ள டோனா என்ற சிற்றூரின் பெயர். ஆக, சாக்சனி நாட்டு ஊர்ப்பெயர் ஒன்று பொதிய மலைச்சாரலில் வழங்குகிறது. அவ்வூரார் சாக்சனியர் ஆகிவிடவில்லை. மிஷனெரிப் பெயர் தாங்கிய குடும்பங்களும் அத்தகையனவே. இரண்டு மூன்று தலைமுறை கழிந்தபின் பெயரின் காரணம் மறந்து, எங்கள் முன்னோர் செர்மானியர் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. பின்னர் அயல்நாடு செல்ல விரும்பும் இளைஞர் அதற்கு ஆயரிடம் சான்றிதழ் கேட்டு வருகிறார். எதிர்த்திசையிலும் இது நிகழும்: இலங்கையின் ஒண்டாட்ஜி என்னும் பெயர் ஒல்லாந்தர் எழுத்துமுறையில் அமைந்திருப்பினும், தஞ்சையிலிருந்து கொழும்பு சென்ற மருத்துவர் ஒருவரைத் தம் மூதாதையாகக் கொண்டது அக்குடும்பத்தின் மரபு.

எஸ்றா இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் வரும் பர்சிலாயின் புத்திரரை இங்கே நினைத்தல் தகும். ஆசாரியன் ஒருவன் கீலேயாத்தியனாகிய பர்சிலாயின் குமாரத்திகளில் ஒருத்தியை மணந்து, பெண்வீட்டாரின் பெயரையே தன் வம்சப்பெயராகக் கொண்டான். வழித்தோன்றல்கள் சிறையிருப்பிலிருந்து திரும்பியபோது தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணவில்லை. ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். நெகேமியா ஏழாம் அதிகாரமும் இதனையே மீண்டும் உரைக்கிறது. விளக்கவுரையாளர் பெரும்பாலும் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். பெயர் ஒன்று, வழி வேறு என்பதற்கு வேதத்தில் இதனினும் தெளிவான சான்று இல்லை. ஆளுநன் செய்ததும் நோக்கத்தக்கது: ஊரீம் தும்மீமுள்ள ஆசாரியன் எழும்பும்வரை முடிவை நிறுத்திவைத்தான். சான்றின்றி ஏற்கவுமில்லை, அவர்கள் பொய்யர் என்று தீர்க்கவுமில்லை.

வம்சப்பதிவு ஆயரின் கையில் எத்துணைக் கொடிய கருவியாகலாம் என்பதைச் செர்மனியே காட்டிற்று. 1933ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆரியரல்லாதாரை அரசுப்பணியினின்று நீக்கும் சட்டம் வந்தபின், பாட்டன் பாட்டிமாரின் ஞானஸ்நானச் சான்றுகளைக் கேட்டு மக்கள் ஆயர் இல்லங்களை மொய்த்தனர். பெயரால் யூதரைக் கண்டறிதல் இயலாது என்பது அரசுக்கும் தெரிந்திருந்தது. பிரஷ்யாவில் 1812ஆம் ஆண்டு ஆணைப்படி யூதர் நிலையான குடும்பப்பெயர் மேற்கொண்டபோது, அவர்களுள் பலர் அண்டை வீட்டுக் கிறிஸ்தவரின் பெயர் போன்றவற்றையே பெற்றிருந்தனர். ஆதலாற்றான் சபையின் ஏடு தேவைப்பட்டது. ஆதலாற்றான் 1938இல் இஸ்ரவேல், சாராள் என்னும் பெயர்களை அவர்கள்மேல் சுமத்தவும் நேர்ந்தது. ஆயர் பலர் ஏட்டிலுள்ளதைப் படியெடுத்துக் கொடுத்துத் தம் கடமை முடிந்தது என்றிருந்தனர். ஆரியர் விதியைச் சபைக்குள் புகுத்துவதை எதிர்த்து 1933 செப்டம்பரில் ஆயர் நெருக்கடிக்காலச் சங்கம் எழுந்தது உண்மையே. ஆயினும் ஏடுகள் தொடர்ந்து புரட்டப்பட்டே வந்தன. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதை வினவாமல் எந்த வம்சச் சான்றும் கொடுத்தலாகாது என்பது அக்காலம் கற்பித்தது. நம் நாட்டிலும் பிறப்பைக் கொண்டு மனிதரை அளப்போர் சபைக்கு உள்ளும் புறம்பும் உளர். பழைய பதிவேடுகளில் பெற்றோரின் சாதி எழுதப்பட்ட பத்தியும் உண்டு.

சான்று எழுத நேரும்போது ஏட்டில் உள்ள எழுத்தை உள்ளவாறே படியெடுத்து, ஏட்டின் பெயர், ஆண்டு, பக்க எண், வரிசை எண் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். எழுத்துப்பிழை போலத் தோன்றினும் திருத்தலாகாது. நம் விளக்கத்தைக் கையொப்பத்துக்குக் கீழே தனியாக எழுதலாம். குடும்பத்தார் வாய்மொழியாகக் கூறுவதை வாய்மொழி என்றே குறிக்கவேண்டும். மேற்கூறிய சாதிப் பத்தியை, கேட்பவர் தம் சொந்தப் பதிவைக் கேட்டாலன்றிப் பிறருக்குப் படியெடுத்துத் தரவேண்டியதில்லை. கொல்லிமலைச் சபையின் வரலாற்றை எழுதுபவர் ஜெஸ்ஸி பிராண்டை, கில்ஃபோர்டு நகரத்துக் கட்டடத்தொழிற் குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கிலேய பாப்திஸ்து மிஷனெரி என்று எழுதுவாராக. பெயரின் பொருளைக் கூற விரும்பினால், தீ, வாள் என்னும் பொருளுடைய பழைய இயற்பெயரினின்று இங்கிலாந்தில் வழங்கிவந்த குடும்பப்பெயர் என்பது வரையில் கூறலாம்.